தீனிப்பை

நீலா உட்காரும் பலகைக்கு அடியில் எச்சம் இல்லை. வந்து ஒரு வாரம் ஆகியும் ஒரு பொட்டுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் மொட்டைமாடிப் புறாக்கூண்டைச் சுரண்டிக் கழுவிச் சுண்ணாம்பு தூவுவது கன்னிகாவின் வேலை. மற்ற நாளெல்லாம் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் செல்போனுக்குத் திருகு முடுக்கிவிட்டு, கிடைக்கிற ஒரே லீவு நாளில் எச்சம் சுரண்ட வேண்டியிருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொள்வாள். என்ன செய்ய, கோவர்த்தனனுக்குக் கழுத்தை நீட்டியாயிற்று. புத்தூரில் அவர்கள் வீட்டில் கீழே விசைத்தறி, மேலே பந்தயப் புறா. நடுவில்தான் பெண்டாட்டியும் பிள்ளையும். அவனோடு குடித்தனம் நடத்தியதில் அவளும் ஒன்றிரண்டு கற்றிருந்தாள். புறாவுக்கு உடம்பு எப்படி என்று தெரிய வேண்டுமானால் எச்சத்தைப் பார்க்க வேண்டும். கெட்டியாக, உச்சியில் வெள்ளைத் தொப்பி போட்ட மாதிரி இருந்தால் சுகம். பச்சைத் தண்ணீராகப் போனால் நோவு. ஒன்றுமே போகாவிட்டால் என்னவென்று அவன் சொல்லித் தந்ததில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தாள். நீலா பலகையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மற்ற புறாக்கள் துடைப்பத்தைக் கண்டால் படபடவென்று எழும்பி முகத்தில் தூசி அடிக்கும். இது எழும்பவில்லை. கூண்டின் வடக்கு மூலையைப் பார்த்துக்கொண்டு, கல்யாண வீட்டில் தெரிந்தவர் யாரும் இல்லாத விருந்தாளி மாதிரி அடக்கமாக இருந்தது. அதன் மார்புக்கு மேலே, தீனிப்பை மட்டும் முட்ட முட்டத் தின்றதுபோல உருண்டையாகப் புடைத்திருந்தது.

போன வருஷம் நாக்பூரிலிருந்து விட்ட பந்தயத்தில் தொலைந்த பெட்டைப் புறா அது. கோவர்த்தனன் பல நாள் மாடியில் நின்று தீனி டப்பாவைக் குலுக்கிக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தம் கேட்டால் எந்த உயரத்தில் பறக்கும் புறாவும் இறக்கையை மடக்கிக் கூண்டுக்குள் விழும், அப்படித்தான் பழக்குவான். நீலா வரவில்லை. இவன்தான் மெலிந்தான். இப்போது, மழை கொட்டிய ஒரு சாயங்காலம், அதுவாக வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. மழையில் வந்த புறாவின் மேல் ஒரு சொட்டு ஈரமில்லை என்பதைக் கன்னிகா கவனித்தாள். அவன் அழுதுகொண்டிருந்ததால் சொல்லவில்லை.

வெளியிலிருந்து வந்த புறாவை, அது எந்த மகாராஜா வீட்டுப் புறாவானாலும் சரி, சில வாரம் தனிக்கூண்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதோடு சேர்க்க வேண்டும். இந்தச் சட்டத்தில் கோவர்த்தனன் கறார். திருப்பதியிலிருந்து சிநேகிதன் சிட்டிபாபு ஆசையாகக் கொடுத்த ஜோடியையே படிக்கட்டுக்கு அடியில் சிறைவைத்தவன். அதைத்தான் கன்னிகா ஞாபகப்படுத்தினாள்.

"தனியா வெக்கலியா?"

"நம்ம வூட்டுப் பொண்ணு திரும்பி வந்துக்கீது. அத வாசல்ல நிக்க வெப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு, நேராகக் கூண்டைத் திறந்து உள்ளே விட்டான்.

அவள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு சாயங்காலம்தான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டாள். கீழே தறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்ததால் வெகுநேரம் காதில் விழவில்லை. கரண்டு போய்த் தறி நின்றதும், அந்தத் திடீர் அமைதியில், மாடியிலிருந்து கீச்சு கீச்சென்று ஒரு கெஞ்சல் இறங்கி வந்தது. குஞ்சுகள் பசிக்குக் கத்துகிற சத்தம். கூண்டில் இப்போது குஞ்சே கிடையாது. பெரிய புறா கத்தாது, தொண்டைக்குள் குமுறும். துணி எடுக்கப் போகிறவள்போல மேலே போனாள். மங்கிய வெளிச்சத்தில், புளித்த மாவும் ஈர இறகும் கலந்த ஒரு நெடி வாசலிலேயே நின்றது. கம்பிவலை வழியாகப் பார்த்தாள். வளர்ந்த புறாக்கள், பந்தயம் ஜெயித்த சேவல் புறாக்கள் எல்லாம், நீலாவுக்கு முன்னால் முட்டி மோதிக்கொண்டு நின்றன. தோளிலிருந்து இறக்கையை நடுக்கி நடுக்கிக் கத்தின. நீலா வாயைத் திறந்தது. முதல் சேவல் தலையை உள்ளே விட்டது. நீலாவின் தொண்டை ஏறி இறங்கியது. அடுத்த புறா. அதற்கடுத்தது. எத்தனை ஊட்டியும் அந்தத் தீனிப்பை சுருங்கவேயில்லை.

இரவு சோறு போடும்போது சொன்னாள். கோவர்த்தனன் சிரித்தான். "காலைல எல்லாத்துக்கும் தீனிப்பையத் தொட்டுப் பாத்தேன், ரொம்பி கீது. வெச்ச தீனி வெச்ச மேனிக்குக் கீது. கம்பு, பட்டாணி, மக்காச்சோளம் எல்லாம் மிச்சம்தான் போ." சொன்னவன் தட்டில் கை வைக்கவில்லை. வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்றான்.

அவனிடம் கன்னிகாவுக்குச் சகிக்காத பழக்கம் ஒன்று உண்டு. தாய் கைவிட்ட குஞ்சுக்கு வாயாலேயே ஊட்டுவான். ஊறவைத்த பட்டாணியை மென்று கூழாக்கி, உதட்டைக் குவித்துத் திறப்பான். குஞ்சு தலையை உள்ளே விட்டு உறிஞ்சிக்கொள்ளும். புறாக்காரர்கள் பலரும் செய்வதுதான். சிரிஞ்சில் கொடுத்தால் எச்சிலின் சூடு வராதாம், சூடு இல்லாவிட்டால் குஞ்சு பிழைக்காதாம். "அந்த வாயோட எங்கிட்ட வராதீங்க" என்று அவள் துரத்துவாள். மகள் பிரித்திகாவுக்கு அது பெரிய வேடிக்கை. நைனா எதிரில் போய் நின்று, தானும் குஞ்சு மாதிரி ஆவென்று வாயைத் திறந்து காட்டுவாள்.

சோற்றுக்குத் திறக்காத வாய் அது. பிரித்திகாவுக்கு ஒரு கவளம் ஊட்டுவதற்குள் கன்னிகாவுக்கு உயிர் போய்விடும். யூ.கே.ஜி.யிலேயே எடை குறைவான பிள்ளை என்று டீச்சர் சொல்லியிருந்தாள். டானிக், சத்துமாவு, சாமிக்கு நேர்த்திக்கடன் என்று எல்லாம் பார்த்தாயிற்று. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அவள் மனசில் ஓடுவது ஒன்றுதான்: குழந்தை இப்போது சாப்பிட்டிருக்குமா.

அந்த வாரம் குழந்தை கன்னம் வைத்தது. கை கால் உருண்டது. டிபன் டப்பா கொண்டுபோன மாதிரியே திரும்பி வந்தது.

"இன்னாடி துன்ன?"

"நைனா குடுத்தாரு."

"இன்னா குடுத்தாரு?"

பிரித்திகா யோசித்துப் பார்த்தாள். "சூடா இருந்துச்சி" என்றாள்.

கன்னிகா சந்தோஷப்படத்தான் பார்த்தாள். எத்தனை நாள் ஏங்கிய கன்னம் அது! கிள்ளி முத்தம் கொடுக்கக் குனிந்தவளுக்குக் குழந்தையின் மூச்சில் புளித்த மாவு வாசம் அடித்தது. முத்தம் கொடுக்காமலே நிமிர்ந்துவிட்டாள்.

சிட்டிபாபுவுக்கு அவள்தான் போன் செய்தாள். திருப்பதியில் புறாப் பந்தயச் சங்கத்தைக் கட்டி மேய்க்கிறவன், எந்தப் புறா எங்கே விழுந்தாலும் அவனுக்குத்தான் தகவல் வரும். நீலா திரும்பி வந்துவிட்டது என்றதும் காலில் வளையம் இருக்கிறதா என்று கேட்டான். நீல வளையம் இருக்கிறது என்று கன்னிகா சொன்னாள். "நேனு ஒஸ்தான்மா, வரேன்" என்று பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகச் சொல்லி வைத்தான்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் பைக்கில் வந்தான். கோவர்த்தனன் மாடியில் இருந்தான். தறி இரண்டு நாளாக ஓடவில்லை. சிட்டிபாபு வாசலிலேயே நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்தான். உள்ளே காய்ந்த புறாக்கால் ஒன்று, முட்டிக்குக் கீழே. அதில் நம்பர் பொறித்த நீல வளையம்.

"போன வருசம் கடப்பா பக்கம் ஒரு மிளகாத் தோட்டத்துல கெடைச்சிது செல்லெம்மா. பருந்து அடிச்சிப் போட்டுது. ரிங்கப் பாத்து எனக்கு அனுப்புனாங்க. இவன் மனசு ஒடைஞ்சிடுவான்னு நான் செப்பலேது."

அந்த வளையத்துக்கு மூட்டு கிடையாது. குஞ்சு பிறந்த வாரத்தில், விரல் மெல்லிசாக இருக்கும்போது மாட்டுவது. கால் வளர்ந்தபிறகு, காலை அறுத்தால் ஒழிய வெளியே வராது. ஒரு நம்பருக்கு ஒரு வளையம்தான். கன்னிகாவுக்கே இதெல்லாம் தெரியும்.

சிட்டிபாபு மேலே போனான். அவன் செருப்புச் சத்தம் கூண்டு வரைக்கும் போனது. இறங்கி வந்தபோது அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அதே நம்பர். ரெண்டு காலும் கீது." டப்பாவை மூடினான். "அவன் என்னத் திரும்பியே பாக்கல. அம்மா, பாப்பாவ இட்டுகினு எங்கியாவது போயிடு. ஈ ரோஜே, இன்னிக்கே."

"உள்ள வாங்கண்ணா, தண்ணியாவது..."

"ஒத்தும்மா, வேணாம். இந்த வூட்ல ஒண்ணும் வேணாம்." பைக்கைத் தள்ளிக்கொண்டே தெருக்கோடி வரை ஓடி, அங்கே போய்த்தான் ஸ்டார்ட் செய்தான்.

புருஷனை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது? கன்னிகா படியேறினாள். பாதியில் நின்றாள். கடைசிப் படிகளின் இடுக்கு வழியாகக் கூண்டுக்குள் தெரிந்தது. கோவர்த்தனன் மண்டி போட்டிருந்தான். அண்ணாந்த வாய் திறந்திருந்தது. அவன் தோளில் நீலா. அதன் அலகு அவன் வாய்க்குள். இத்தனை வருஷம் குஞ்சுகளுக்கு ஊட்டியவனின் தொண்டை, விழுங்கி விழுங்கி, ஏறி இறங்கியது. கழுத்துக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அறுந்த இடத்தில், ஒரு உருண்டை புடைத்திருந்தது. அவன் இரண்டு கையும் தோளிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தன.

அவள் கத்தவில்லை. கத்தினால் திரும்புவான். திரும்பினால் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவள் கீழே இறங்கியபோது அன்றைக்குக் கடைசி பஸ் போயிருந்தது. பிள்ளையை அணைத்துக்கொண்டு, அறைக்கதவைத் தாழ்போட்டு, பீரோவை நகர்த்தி முட்டுக்கொடுத்துப் படுத்தாள். தூங்கக்கூடாது என்றுதான் படுத்தாள். விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. பீரோ இருந்த இடத்தில் இருந்தது. தாழ் போட்டபடி இருந்தது. நல்ல தூக்கம்போல உடம்பு லேசாக இருந்தது. வாயில் மட்டும் புளிப்பு. பயத்தில் பித்தம் ஏறியிருக்கும் என்று கொப்பளித்துத் துப்பினாள்.

பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு தெருவில் இறங்கியவள் ஒரே ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். கைப்பிடிச் சுவர் நெடுக எல்லாப் புறாக்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லா முகமும் வடக்கே. வரிசைக்கு நடுவில், அதே பக்கம் பார்த்தபடி, கோவர்த்தனனின் பின்தலை. அவனுக்காக அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் முதலில் பிள்ளை. பிள்ளையைக் கரைசேர்த்துவிட்டு வந்து அவனைப் பார்த்துக்கொள்ளலாம்.

பிச்சாட்டூரில் அவளுடைய அக்கா செங்கம்மா இருக்கிறாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. நாராயணவனம் தாண்டும்வரைக்கும் பிரித்திகா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள், குழந்தைகள் அப்படித்தானே. ஒரு வளைவில் பஸ் திரும்பியது. பிரித்திகாவின் முகமும் திரும்பியது. ஜன்னலை விட்டு, முன் சீட்டுக் கம்பியைப் பார்த்து. பஸ் மறுபடி நேரானது. முகம் ஜன்னலுக்கே போனது. அடுத்த வளைவு. உடம்பு பஸ்ஸோடு போக, தலை மட்டும், யாரோ பிடித்து நிறுத்தியிருப்பதுபோல, இருந்த திக்கிலேயே நின்றது. கன்னிகா குழந்தையின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். திரும்பியது. கையை எடுத்தாள். போய்விட்டது.

"அங்க இன்னாடி கீது?"

"வூடு" என்றாள் பிரித்திகா.

"வூடு பின்னாடிதான கீது?"

கன்னிகா குழந்தையின் தலையைத் தன் மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். சேலைக்குள் அந்தச் சின்னக் கழுத்து மெதுவாகத் திரும்ப முயன்றுகொண்டே வந்தது.

அக்கா வீட்டு வாசலை மிதித்ததும்தான் மூச்சு வந்தது. செங்கம்மாவுக்கு அன்றைக்குக் கிருத்திகை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், வந்தவர்களுக்காக உலை வைத்தாள். கோவர்த்தனனுக்கு உடம்பு சரியில்லை, என்னவோ புறாவால் வந்த நோவு என்று மட்டும் கன்னிகா சொன்னாள். எப்படி இதற்குமேல் சொல்வது?

சாயங்காலம் தட்டில் சுடுசோறும் முருங்கைக்காய்ச் சாம்பாரும் வந்தன. நேற்று மத்தியானத்துக்குப்பின் தான் ஒன்றுமே தின்னவில்லை என்பது கன்னிகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கை வைத்தாள். ஆவி முகத்தில் பட்டதும் குமட்டியது. மண்ணைக் குழைத்து வைத்தது போலிருந்தது. பசியே இல்லை. வயிறு, இல்லை, வயிற்றுக்கும் மேலே எங்கேயோ, நிறைந்திருந்தது.

செங்கம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "இன்னாடி இது, அம்மாவும் பொண்ணும் செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்துக்கினு கீறீங்க? தட்டு இந்தாண்ட கீதுடி."

கன்னிகா பார்த்தாள். தட்டு அவளுக்குப் பக்கவாட்டில் இருந்தது. எதிரே வெறும் சுவர். வடக்குச் சுவர். திரும்ப நினைத்தாள். கழுத்து கேட்கவில்லை.

பக்கத்தில் அதே சுவரைப் பார்த்தபடி பிரித்திகா உட்கார்ந்திருந்தாள். நல்ல பிள்ளையாகச் சொன்னாள்: "ராத்திரி நீ தூங்கிக்கினு இருந்தப்ப நான்தாம்மா உனுக்கு ஊட்டுனேன். நீ ஒண்ணியும் துன்னலியே, அதான்."

வெளியே, ஏரிக்கரைப் பக்கமிருந்து, தீனி டப்பா குலுங்கியது.

பிரித்திகா எழுந்து ஓடினாள். கன்னிகா பிடிக்கப் பாய்ந்தாள். பிடிக்கத்தான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அவள் கால்கள் பிள்ளை போகிற வேகத்துக்கு ஓடவில்லை, டப்பா குலுங்குகிற வேகத்துக்கு ஓடின. முள்வேலி, மாட்டுக்கொட்டகை, கரைமேட்டின் கருங்கல். எதிலும் தடுக்கவில்லை. பார்க்காமலே கால்களுக்கு வழி தெரிந்திருந்தது.

கரைமேல் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. மதகிலிருந்து கரை நெடுகப் புறாக்கள். ஒரு சத்தம் இல்லை. நடுவில் கோவர்த்தனன், கையில் டப்பா, தோளில் நீலா. புத்தூரிலிருந்து நடந்தே வந்திருப்பான் போல. பாதம் கிழிந்து ரத்தம் கசிந்தது. அவன் முகத்தில் நோவு தெரியவில்லை. கன்னிகாவைப் பார்த்ததில் அவனுக்கு அத்தனை சந்தோஷம். அது அவளுடைய கோவர்த்தனனின் சிரிப்பேதான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வந்துட்டியா? விடியட்டும், கெளம்பலாம். இருட்டுல போவ முடியாது."

"எங்க?" அவள் குரல் கீச்சென்று வந்தது.

"வூட்டுக்கு."

அவன் குனிந்து வாயைத் திறந்தான். பிரித்திகா எம்பி, முகத்தை உள்ளே வைத்தாள். சின்னத் தோள்கள் நடுங்கின. எத்தனை நாள் இந்தப் பிள்ளை ஒரு வாய் ஆசையாகத் தின்று பார்க்கமாட்டோமா என்று கிடந்தவள் கன்னிகா. பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

பின்னாலிருந்து மூச்சு வாங்க ஓடிவரும் சத்தம். செங்கம்மா. கையில் சோற்றுத் தட்டு.

"ஏய் கன்னிகா! நில்லுடி! ஒரு வாய் துன்னுட்டாச்சும் போடி!"

மேடேறி வந்து நின்றாள். வெறும் வயிறு, முகம் வாடியிருந்தது. அக்கா காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. அந்த நினைப்பு கன்னிகாவுக்குள் எழுந்தது. பாவம் அக்கா. அது தன்னுடைய நினைப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஓடிப்போ அக்கா என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள்.

சொல் வரவில்லை. கழுத்தடியில் உருண்டிருந்தது இளகியது. சூடாக மேலே ஏறியது. நாக்கின் மேல் வந்து நின்றது. கைகள் அவளைக் கேட்காமல் எழும்பி அக்காவின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டன.

"இன்னாடி வாயில?" என்று செங்கம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, மங்கல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாமல், முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள்.